கூன்பாறையில் ஒரு வெள்ளைச் சட்டை

என் அத்தை பகலைப் பார்ப்பதே அது முடிகிற நேரத்தில்தான். மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கிற சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. அங்கே ஜன்னல் கிடையாது. விடிவதற்கு முன்பே படியிறங்கிவிடுவாள். துவைத்து வரும் ஈரமான விரிப்பை எதிரே நிற்பவளோடு சேர்த்துப் பிடித்து உதறி, கொதிக்கும் உருளைக்குள் ஓரம் கோணாமல் கொடுக்க வேண்டும். மறுபக்கம் காய்ந்து வருவதை மடித்து அடுக்க வேண்டும். நாள் முழுக்க வெள்ளை, டியூப்லைட் வெளிச்சம், ஆவி. மேலே ஏறி வரும்போது தெருவில் வெயில் இருக்காது. ஆனால் வானம் இன்னும் முழுதாக அணைந்திருக்காது.

"எனக்கு மிச்சம் விழற வெளிச்சம் அவ்வளவுதான். அதையும் விட்டுட்டா எப்படி?" என்பாள்.

அதனால் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேராகக் கடற்சுவருக்குப் போவாள். கையில் ஒரு சின்ன கேமரா. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும்.

அந்தக் கேமரா உண்மையில் மாமாவுடையது. மாமா லிப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் அவருக்கு அதைக் கொடுத்தார்கள். மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும் பெட்டிகளோடு காலம் தள்ளியதாலோ என்னவோ, மாமாவுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் நின்றால் விரல் மேசையைத் தட்டும். தூக்கத்தில்கூட எதையோ திருகிக்கொண்டிருப்பார் என்று அத்தை சொல்வாள். தெருவில் அவருக்குப் பெயரே பம்பரம். அவர் எடுத்த படங்களில் எல்லாம் வீடுகள் ஓடின, மரங்கள் ஓடின. ஒரு வாரம் பார்த்துவிட்டு, திருகாணிகள் போட்டுவைக்கும் இழுப்பறைக்குள் கேமராவைத் தள்ளிவிட்டார். அத்தை அதை வெளியே எடுத்துத் துடைத்தாள்.

அவள் படம் எடுக்கும் முறை அவளே கண்டுபிடித்தது. சலவைக்கூடத்தில் கிழிந்துபோன விரிப்பில் ஒரு பை தைத்து, உள்ளே காய்ந்த பயறு நிரப்பி வைத்திருந்தாள். அதைச் சுவர்மேல் வைத்து, நடுவில் குழி செய்து, கேமராவை அதில் உட்காரவைப்பாள். ஃபிளாஷின் மேல் கறுப்பு டேப். பட்டனைக் கையால் அமுக்கினால் கையின் நடுக்கம் படத்துக்குள் போய்விடும் என்பதால் டைமர் வைப்பாள். முன்பக்கத்தில் ஒரு சிறு ஆரஞ்சு விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டும். பிறகு படபடவென்று அடித்துக்கொள்ளும். அப்போது அத்தை மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இருட்ட இருட்ட அந்தக் கேமரா கண்ணை அதிக நேரம் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் அலைகள் பாலாகிவிடும். நடந்து போகிறவர்கள் காணாமல் போய்விடுவார்கள். அசையாமல் நிற்பது மட்டும் படத்தில் நிற்கும்.

மாமா நிற்க மாட்டார். துணைக்கு வருவார், ஓரத்தில் எங்காவது தலையைக் காட்டுவார். படத்தில் அவர் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய புகை ஒன்று இழுத்துக்கொண்டு போகும். கூடத்துச் சுவரில் அத்தை மாட்டியிருந்த படங்களில் பாதிக்குமேல் அந்தப் புகை உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், "அதுவா? எங்க வீட்டு ஆவி" என்பாள்.

நான் சில வருடங்கள் ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றிவிட்டு, அடுத்து எங்கே என்று தெரியாமல் இவர்கள் வீட்டு சோபாவில் வந்து விழுந்திருந்தேன். பையை இன்னும் பிரிக்கவில்லை. மாமா எனக்கு சூட்கேஸ் என்று பெயர் வைத்துவிட்டார். "என்ன சூட்கேஸ், இன்னைக்குக் கிளம்பறியா, நாளைக்கா?" என்றுதான் காலை வணக்கம் சொல்வார்.

சம்பவத்துக்கு முந்தின நாள் சாப்பிட்டு முடித்ததும் அத்தை புதிதாக அச்சுப்போட்ட படங்களை மேசையில் பரப்பினாள். எல்லாமே ஒரே இடம்தான். கடற்சுவர், அதற்கு முன்னால் நீர் வடிந்த பிறகு தெரியும் மணல்திட்டு, திட்டின் கடைசியில் இரண்டு பாறைகள். இடதுபக்கம் இருப்பது கூராக, உடைந்த பல் மாதிரி. அது பல்லுப்பாறை. வலதுபக்கம் இருப்பது முதுகை வளைத்துக் குந்தியிருக்கும். அது கூன்பாறை. நீர் வடிந்திருந்தால் இரண்டுக்கும் செருப்போடு நடந்து போகலாம். நீர் ஏறும்போது முதலில் நிரம்புவது திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளம். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு முதுகுக்குப் பின்னால் வழி மூடிக்கொள்வது தெரியாது. கடற்சுவரில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அதற்கு வண்ணம் அடித்த ஆட்களுக்குப் பலகை சாயாமல் திருகாணி போட்டுக் கொடுத்ததே மாமாதான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் அத்தை. "ஆனா அளவு தெரியலை. பல்லுப்பாறைமேல ஒரே ஒரு ஆள் நின்னா போதும். அப்பத்தான் இந்தக் கடல் எவ்வளவு பெருசுன்னு பாக்கறவங்களுக்கு உறைக்கும்."

"நான் நிக்கட்டுமா அத்தை?"

"நீயா? நீ அங்க போனா அப்படியே அடுத்த தேசத்துக்குப் போயிடுவே."

மாமா சிரித்தார். "நான் எதுக்கு இருக்கேன்? நான் நிக்கறேன்."

"நீங்க!" அத்தை என் பக்கம் திரும்பினாள். "எங்க கல்யாண போட்டோ பாத்திருக்கியா? அதுல உங்க மாமாவோட காதுதான் இருக்கும். போட்டோ எடுக்கறவரோட லைட்டுல ஒயர் லூசா இருக்குன்னு சரியா அந்த நேரத்துக்குத் திரும்பினாரு."

"லூசாத்தான் இருந்துச்சு. பத்திக்கிட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பத்தியிருந்தாலாவது வெளிச்சத்துல முகம் விழுந்திருக்கும்."

மூவரும் சிரித்தோம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அன்று அவளுக்கு உருளையில் கை சுட்டிருந்தது, நாள் முழுக்க நின்றதில் கால் வீங்கியிருந்தது. படங்களை அடுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "எனக்காக ஒரு நிமிஷம்னு நின்னிருக்கீங்களா, இத்தனை வருஷத்துல?"

மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்த மாமாவின் கால் நின்றது. நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அது நின்று பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் மாலை நான் வெளியே கிளம்பும்போது மாமா கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. அத்தை சலவைக்கூடத்து உருளையில் தேய்த்துக் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்தது, விசேஷத்துக்கு மட்டும் எடுப்பது. தலையைப் படிய வாரியிருந்தார்.

"எங்க மாமா, பொண்ணு பாக்கவா?"

"வாய நல்லா வளத்து வெச்சிருக்காங்க. இந்தா, உங்க அத்தை கேமராவ வெச்சுட்டுப் போயிட்டா. சலவைக்கூடத்து வாசல்ல நின்னு அவளைக் கூட்டிக்கிட்டு நேரா கடலுக்கு வந்துடு. வீட்டுக்குத் திரும்ப விடாதே."

"நீங்க?"

"நான் முன்னாடி போறேன்."

கேமராவின் பேட்டரியைக் கொஞ்ச நேரம் முன்புதான் சார்ஜரில் போட்டிருந்தார். அதைப் பிடுங்கிக் கேமராவில் போட்டு, பயறு மூட்டையோடு ஒரு பைக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் போனைச் செருகினார். சமையலறைப் பக்கத்துச் சுவரில் வேலை செய்யும் பிளக் அது ஒன்றுதான். ஊரார் வீட்டு லிப்டையெல்லாம் சரிசெய்த மனிதரின் வீட்டில் பிளக் ரிப்பேர். அதைச் சொல்லிக் கேலி செய்யலாமென்று திரும்பினேன். அதற்குள் படி இறங்கிப் போய்விட்டார். போன் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

சலவைக்கூடத்து வாசலில் நான் நெடுநேரம் நின்றேன். மற்ற பெண்கள் வரவேண்டிய நேரத்தில் யாரும் வரவில்லை. உள்ளே உருளையின் ஆவிக் குழாயில் வால்வு அடைத்துக்கொண்டதாம். பாதி விரிப்புகள் ஈரமாகக் கிடந்தன. மாடியில் நோயாளிகளின் படுக்கை விரிப்பில்லாமல் கிடக்க, யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாராம். அத்தை மேலே வந்தபோது முடி ஈரத்தில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. வானத்தைப் பார்த்தாள்.

"போச்சு. இன்னைக்குப் படம் இல்லை. வீட்டுக்குப் போகலாம்."

"மாமா நேரா கடலுக்கு வரச் சொன்னார் அத்தை. அங்க முன்னாடியே போயிட்டார். வெள்ளைச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு."

அத்தை இரண்டடி நடந்தவள் நின்றாள்.

"என்ன சட்டை?"

"வெள்ளை. நீங்க தேச்சு வெச்சது."

இருட்டில் கறுப்பு உடை கரைந்துவிடும், கடைசிவரை தெரிவது வெள்ளைதான் என்று அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், எங்கள் இருவரிடமும். எனக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அத்தை என் கையிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். வீங்கிய காலோடு அவள் ஓடிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

கடற்சுவரில் காபிக் கடைக்காரி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். "உங்க வீட்டுக்காரரா? திட்டுப் பக்கம் இறங்கிப் போனாரே. மாப்பிள்ளை மாதிரி இருந்தாரு, கேலிகூடப் பண்ணேன். திரும்பி வந்திருப்பாருல்ல?"

திட்டு இல்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் கரிய தகரம்போல மடங்கி மடங்கி உள்ளே வந்துகொண்டிருந்தது. பள்ளம் எப்போதோ நிரம்பியிருந்தது. மேற்கே அடிவானத்தில் ஒரு கோடு வெளிச்சம், அதற்கு முன்னால் இரண்டு பாறைகளும் இரண்டு கறைகளாக. அவற்றின்மேல் எதுவும் தெரியவில்லை.

"என்னங்க!" என்று அத்தை கத்தினாள். அலைச்சத்தம் அதை அங்கேயே விழுங்கிவிட்டது.

அவர் ஏன் திரும்பி வரவில்லை என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் படத்துக்காகப் போய் நின்றார். படம் எடுக்கிறவள் வரவில்லை. ஒரு நிமிடம்கூட நின்றதில்லை என்று சொன்னவள் வரும்வரை நிற்பது என்று நின்றிருக்கிறார். சுவரையே பார்த்து நின்றவர் பள்ளம் நிரம்புவதையும் பார்த்திருப்பார். இப்போது வந்துவிடுவாள், இதோ வந்துவிடுவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றிருப்பார். மாமாவுக்கு நீந்தத் தெரியாது.

காபிக் கடைக்காரி மீட்புப் படைக்கு போன் போட்டாள். பக்கத்து ஊரிலிருந்து கிளம்புகிறார்கள், காத்திருங்கள் என்றார்கள். காத்திருக்கத் தண்ணீருக்குச் சொல்வது யார்? நான் ஓடிப்போய், கடை ஓரத்து நாற்காலியிலிருந்து எழுந்தே பார்த்திராத படகுக்காரரை உலுக்கினேன். அவருக்கு நங்கூரம் என்று பெயர். போட்ட இடத்தில் கிடப்பவர். அன்று அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"எந்தப் பாறை?" என்றார், வலையை எடுத்து வெளியே எறிந்து படகைக் காலி செய்துகொண்டே.

"பல்லுப்பாறைண்ணே," என்றாள் அத்தை. "அங்க ஒரு ஆள் நிக்கணும்னு நான்தான் சொன்னேன். நேத்து, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம."

"நீ சொன்னது சரிம்மா. ஆனா பல்லு இந்நேரம் முக்கால்வாசி முங்கிடுச்சு. புத்தி இருந்தா கூனுக்கு மாறியிருப்பாரு. அதுதான் உசரம். மாற முடிஞ்சுதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

"ரெண்டையும் போய்ப் பாக்கலாமே!" என்றேன்.

"ரெண்டுக்கும் நடுவுல அடியில கல்லு, பாப்பா. பல்லுக்குப் போகணும்னா இடப்பக்கமா சுத்தணும். கூனுக்கு வலப்பக்கம். ஒண்ணுக்குப் போயிட்டு இன்னொண்ணுக்கு வரணும்னா மறுபடி கரைக்கு வந்து சுத்திப் போகணும். அதுக்குள்ள..." அவர் முடிக்கவில்லை. டார்ச்சை அடித்துப் பார்த்தார். வெளிச்சம் முதல் சில அலைகள் வரைக்கும் போய் அங்கேயே படுத்துக்கொண்டது. நான் என் போனை நீட்டிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாறை, கடல், வானம் எல்லாம் ஒரே சேறாகக் குழைந்தன.

அத்தை அழுகையை நிறுத்தியிருந்தாள். பையைத் திறந்து பயறு மூட்டையைச் சுவர்மேல் வைத்து, கைமுஷ்டியால் நடுவில் குத்திக் குழி செய்தாள்.

"அத்தை, இப்ப போய்..."

"நம்ம கண்ணைவிட இதுக்கு இப்பக் கண்ணு தெரியும். பேசாதே."

கேமராவை உட்காரவைத்துப் பல்லுப்பாறை நிறையும் அளவுக்கு லென்ஸை நீட்டினாள். உள்ளே மணல் கரகரத்தது. திரையின் மூலையில் பேட்டரிப் படம் சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. குட்டி டைமர். ஆரஞ்சு விளக்கு படபடத்தது. கேமரா கண்ணைத் திறந்து, திறந்தபடியே இருந்தது. நங்கூரம் எஞ்சின் கயிற்றைக் கையில் சுற்றியபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரையில் படம் வந்தது. வெறும் கண்ணுக்குக் கறையாக இருந்தது அதில் பாறையாக இருந்தது, ஒவ்வொரு வெட்டும் தெரிய. பால்போன்ற தண்ணீரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. அதன்மேல் யாரும் இல்லை.

அத்தையின் கை நிற்கவில்லை. கேமராவை வலதுபக்கம் திருப்பினாள். கூன்பாறை. மறுபடியும் விளக்கு, மறுபடியும் அந்தத் தாங்கமுடியாத திறந்த கண்.

வந்த படத்தில் கூன்பாறையின் முதுகு இருந்தது. அதன்மேலும் ஆள் இல்லை. மங்கலாக ஏதோ ஒரு வெண்மை மட்டும், ஊதிய புகைபோல, இரண்டு பக்கமும் பரவிக்கொண்டு.

"அலை அடிச்சுத் தெறிச்சது," என்றார் நங்கூரம் எட்டிப் பார்த்து. குரல் இறங்கியிருந்தது. "தண்ணித் தூவல்மா அது."

"இல்லைண்ணே." அத்தை திரையில் விரல் வைத்தாள். "இது தண்ணி இல்லை. இது எங்க வீட்டு ஆவி."

"அக்கா, தண்ணியும் இப்படித்தான்..." என்று காபிக் கடைக்காரி ஆரம்பித்தாள்.

"எத்தனை படத்துல பாத்திருக்கேன்! தண்ணித் தூவல் மேல எழும்பிக் கீழே விழும். இது பக்கவாட்டுல ஆடுது. கையை ஆட்டறாரு. ரெண்டு கையையும் ஆட்டறாரு, அந்தப் பாவி மனுஷன்."

நங்கூரம் படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புருஷனுக்காகத் தவிக்கிற ஒரு பெண் புகையில் புருஷனைப் பார்ப்பதில் என்ன அதிசயம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவளை நம்பி வலப்பக்கம் போய், மாமா இடப்பக்கம் தண்ணீருக்குள் பாறையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால்?

"தப்பா போனா திரும்ப நேரம் கிடையாதும்மா. நிச்சயமா சொல்லு."

திரை அணைந்தது. பேட்டரி.

அத்தை மூடியைத் திறந்து பேட்டரியை வெளியே எடுத்தாள். அக்குளுக்குள் வைத்துக் கையை இறுக்கிக்கொண்டாள். குளிரில் சோர்ந்த பேட்டரிக்குச் சூடு கொடுத்தால் கடைசியாக ஒரு மூச்சு விடும். கைகளைக் கட்டியபடி, கூன்பாறையைப் பார்த்தபடி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நின்றாள். வேண்டுதல் என்று நினைத்தேன். பக்கத்தில் போனபோது கேட்டது: "நில்லுங்க. ஒரே ஒரு தடவை நில்லுங்க. ஒரே ஒரு தடவை."

பிறகு பேட்டரியைப் போட்டாள். லென்ஸ் முனகிக்கொண்டு வெளியே வந்தது. இந்த முறை அவள் குட்டி டைமரை வைக்கவில்லை. நீண்ட டைமரை வைத்தாள். ஏன் நேரத்தை வீணாக்குகிறாள் என்று நான் கத்தப் போனேன்.

"அவருக்குத் தெரியணும்," என்றாள். "விளக்கு சிமிட்டறது தெரியணும். எல்லாரும் குறுக்கே நிக்காம விலகுங்க."

நாங்கள் விலகினோம். சுவர் முழுக்க இருட்டு. அந்த இருட்டில் பயறு மூட்டைமேல் அரிசியளவு ஆரஞ்சு விளக்கு மெதுவாக, நிதானமாகச் சிமிட்டியது. சிமிட்டல், இடைவெளி, சிமிட்டல். அவ்வளவு தூரத்துக்கு அது தெரியுமா? தெரிந்தாலும் அந்த மனிதருக்கு அது என்னவென்று புரியுமா? கழுத்தளவு பயத்தில் இருப்பவன் கரையில் வெளிச்சம் கண்டால் கையை இன்னும் வேகமாக ஆட்டுவானா, இல்லை நிறுத்துவானா? உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் ஆட்டுவான்.

விளக்கு படபடவென்று அடித்தது. அத்தை மூச்சைப் பிடித்தாள். நாங்கள் எல்லோரும் பிடித்தோம்.

கேமரா கண்ணை மூடியது. படம் எழுந்து வந்தது.

கூன்பாறையின் முதுகில் மாமா நின்றார். முழங்கால் வரைக்கும் பால். அதற்குமேல் ஒரு மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டி, தோள் நிமிர்ந்து, முகவாய் சற்றுத் தூக்கி, பாஸ்போர்ட்டுக்கு எடுப்பதுபோல எங்களையே பார்த்துக்கொண்டு.

"கூன்!" என்றார் நங்கூரம். எஞ்சின் கயிறு இழுபட்டது. படகு வலப்பக்கம் திரும்பியபோது கேமராவின் திரை மறுபடி கறுத்தது. லென்ஸ் உள்ளே போகக்கூடத் தெம்பில்லாமல் நீட்டிக்கொண்டே நின்றது.

அதற்குப் பிறகு பார்க்க எதுவும் இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும் தூரமாகிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் அதுவும் நின்றது. பாறையருகே வேகத்தைக் குறைத்திருப்பார், கல் இடிக்காமலிருக்க நிறுத்தியிருப்பார் என்று காபிக் கடைக்காரி சொன்னாள். அத்தை செத்துப்போன கேமராவை இரு கையாலும் பாறையை நோக்கிப் பிடித்தபடியே நின்றாள். கையை இறக்கினால் அவர் அசைந்துவிடுவார் என்பதுபோல. நான் அவள் முதுகில் கை வைத்தேன். கதவுக்குப் பின்னால் ஓடும் யந்திரம்போல உடம்பு அதிர்ந்துகொண்டிருந்தது.

எஞ்சின் மறுபடியும் கேட்டது. அது போன சத்தமா வருகிற சத்தமா என்று காதுக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. பிறகு தண்ணீரின் மேல் ஒரு குரல், கிழிந்து கிழிந்து:

"...புரொப்பெல்லர்ல சத்தம் வருது நங்கூரம், பேரிங் போயிருக்கு. நாளைக்குக் கொண்டா, பாத்துத் தரேன்..."

அத்தை அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அவரைத் தூக்கிச் சுவர்மேல் ஏற்றினோம். இடுப்புக்குக் கீழே வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. காபிக் கடைக்காரி தன் கம்பளிச் சால்வையைச் சுற்றிவிட்டாள். மாமா பல் கிட்டிக்க அத்தையைப் பார்த்தார்.

"லைட்டு தெரிஞ்சுது. மொதல்ல நட்சத்திரமோன்னு நினைச்சேன். அப்புறம் படபடன்னுச்சு. அடடா, எடுக்கறான்னு..." மூச்சு வாங்கினார். "நான் அசையலை. பாத்தியா? காலை அலை இழுக்குது, அப்பவும் அசையலை."

"எதுக்கு அங்க நின்னீங்க? தண்ணி ஏறுது, வந்து தொலைய வேண்டியதுதானே?"

"நீ வரலையே."

அத்தை அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். அடி விழுந்த சத்தம் நன்றாகவே கேட்டது. பிறகு அந்த ஈரச் சட்டையின் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், விரிப்பின் ஓரத்தைப் பிடிப்பதுபோல, கோணாமல். விடவேயில்லை. மீட்புப் படையின் வண்டி வந்து, போர்வையும் கேள்விகளுமாக ஆட்கள் இறங்கியபோதும் விடவில்லை.

மாமாவுக்கு ஒரு வாரம் சளி, காய்ச்சல். அத்தை தினமும் உருளைக்குப் போய்விட்டு நேராக வீட்டுக்கு வந்தாள். கேமரா மறுபடி திருகாணி இழுப்பறைக்குள் போயிற்று. அவள்தான் போட்டாள். அதை மாமாவே எடுத்து, லென்ஸுக்குள்ளிருந்த மணலை ஊதி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினார். பேட்டரிக்குத் தனியாக ஒரு பிளக் இருக்கட்டும் என்று சமையலறைச் சுவரில் ரிப்பேராகிக் கிடந்ததையும் அன்றே சரிசெய்தார். அந்தப் படத்தை அச்சுப்போட்டு வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். "எவ்வளவு ஷார்ப்பா இருக்கு பாருங்க. சட்டை பட்டன்கூட எண்ணலாம்." கடலின் அளவு அந்தப் படத்தில் தெரியத்தான் செய்தது. அத்தை அதை ஒருமுறைகூட முழுதாகப் பார்க்கவில்லை. அவர் அதைக் கூடத்தில் மாட்ட ஆணியோடு நின்றபோது, "அதை மாட்டினா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றாள். அவள் குரலில் விளையாட்டு இல்லை. அந்த ஆணியில் இப்போது இருப்பது அதற்கு முந்தின படம். கூன்பாறை, அதன்மேல் இரண்டு பக்கமும் பரவும் வெள்ளைப் புகை. அதை அவளே மாட்டினாள்.

அவள் மறுபடி கடற்சுவருக்குப் போகத் தொடங்கியபோது நான் ஒருநாள் கூடப் போனேன். மாமாவும் வந்தார். "நான் எங்க நிக்கட்டும்?" என்று கேட்டார், அந்த வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு.

"எனக்குப் பின்னாடி."

"பின்னாடி நின்னா படத்துல எப்படி விழுவேன்?"

"விழ வேண்டாம்."

பயறு மூட்டையைக் குத்திக் குழி செய்தாள். பாறைகள் இரண்டும் நீலமாகிக்கொண்டிருந்தன. மாமா அவளுக்குப் பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் நிஜமாகவே நின்றார். புதிதாக வந்த பெருமை. அத்தை பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெளிச்சம் இறங்கிக்கொண்டே போனது. இப்போது எடுக்காவிட்டால் இன்றைக்கு இல்லை. எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"என்னங்க," என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

"அசையலை, அசையலை."

"அசையுங்க."

மாமாவின் செருப்பு சரளைக் கல்லில் தேய்ந்தது. ஒரு இருமல். பிறகு சுவரின் இரும்புக் கைப்பிடியில் எங்கோ லூசாக இருந்த ஒரு நட்டை விரலால் திருக ஆரம்பித்தார். கிரீச், கிரீச். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் அத்தை பட்டனை அமுக்கினாள்.